மேல் தண்ணி, கீழ்த் தண்ணி

சலூனை மூடிய பிறகும் ஒரு நாற்காலியை மட்டும் மாமனார் விடவில்லை. சுற்றும் நாற்காலிகள் மூன்றில் இரண்டு போய்விட்டன. ஜன்னலோரத்து நாற்காலி மட்டும், கைப்பிடியில் தோல் கிழிந்து பஞ்சு எட்டிப் பார்க்க, இருந்த இடத்திலேயே இருந்தது.

"ஆயுசு பூரா அடுத்தவனை உக்கார வெச்சுட்டு நான் நின்னேன். இனிமே நான் உக்காருவேன். எவன் வேணா நின்னுட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

அதனால் மருமகளின் வேலையறையில் தினமும் ஒரு பார்வையாளர் உண்டு. காலையில் மாடியிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி வருவார். நாற்காலியில் சாய்ந்து, கட்டுப் போட்ட வலது காலை ஸ்டூலின் மேல் நீட்டிக்கொள்வார். புதுச் செருப்பு கடித்த சின்னக் காயம்தான். பெருவிரலில் ஆரம்பித்தது, ஆறவும் இல்லை, விடவும் இல்லை. சர்க்கரை உடம்பு.

மருமகள் இந்த அறையைக் கேட்டதற்குக் காரணம் அதன் இரண்டு வாஷ்பேசின்களும் நல்ல அழுத்தமாகத் தண்ணீர் வருகிற குழாய்களும். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரு மருந்துக் கம்பெனியில் புரோட்டீன் பிரிக்கிற பிரிவில் இருந்தவள். கம்பெனி வேறு ஊருக்குப் போனது. அவள் போகவில்லை. கையில் இருந்த வேலையை வீட்டிலேயே சின்ன அளவில் செய்து பார்க்கிறேன் என்றாள்.

"ஒரு வருஷம் பண்ணிப் பாரும்மா" என்றார் மாமனார், குடும்பம் மொத்தமும் உட்கார்ந்திருக்கையில். "உன் சரக்கை வெளியாள் ஒத்துக்கிட்டான்னா இந்த ரூம் உன்னோடது. ஒத்துக்கலேன்னா மொபைல் கடைக்காரன் கேட்டுக்கிட்டே இருக்கான், வாடகைக்கு விட்டுடுவேன். அப்புறம் அழக் கூடாது."

பரிசோதனைக் கிட் தயாரிக்கிற ஒரு கம்பெனி முதல் சாம்பிளைப் பார்த்துவிட்டுத் தலையாட்டியிருந்தது. இனி உண்மையான சரக்கு வேண்டும். திங்கட்கிழமை அவர்களுடைய ஆள் வந்து வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு. ஒரு வருஷமும் இந்த மாதத்தோடு முடிகிறது.

ஆனால் சாம்பிளுக்கு அழகாக வந்த சரக்கு, அதற்கப்புறம் வரவே மாட்டேன் என்கிறது. முதலில் பாதி வந்தது. அடுத்த தடவை பெயருக்கு வந்தது. போன வாரம் சுத்தமாக இல்லை.

வியாழக்கிழமை காலையிலிருந்து மழை. தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. தபால்காரர் மட்டும் பையை அணைத்துக்கொண்டு வாசலில் ஒதுங்கினார். பழைய வாடிக்கையாளர்.

"உள்ள வாய்யா. நனைஞ்ச கோழி மாதிரி நிக்கறே. முடி வேற காடா வளந்திருக்கு. கத்திரி இருந்தா இப்பவே மடக்கியிருப்பேன்" என்றார் மாமனார்.

"ஐயோ, அந்தக் காலை வெச்சுக்கிட்டா?" என்று சிரித்த தபால்காரர் மேஜையைப் பார்த்தார். அங்கே தாங்கியில், அடியில் குழாய் வைத்த பேரிக்காய் வடிவக் கண்ணாடிக் குடுவை ஒன்று தொங்கியது. உள்ளே கலங்கலாக ஏதோ அசையாமல் நின்றது. "இது என்ன, ஜூஸா?"

"குடிச்சுடாதே! அது என் மருமக தொழில். இப்படி உக்காரு, சொல்றேன்."

மருமகள் திரும்பாமலே சிரித்துக்கொண்டாள். அவளுக்கு இது பழக்கம். ஊறவைத்த வாளவரை விதையின் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோல் லேசில் விடாது, நகக்கண் எரியும். உரித்ததை அரைத்து, துணியில் வடிகட்டினால் பால்போல ஒரு சாறு இறங்கும். அதில் எத்தனையோ புரோட்டீன்கள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று.

"நல்லா பாரு" என்றார் மாமனார், சீப்பை நீட்டுகிற பாவனையில் விரலை நீட்டி. "உள்ள மேல ஒரு தண்ணி, கீழ ஒரு தண்ணி. நடுவுல கோடு தெரியுதா? ரெண்டுமே தண்ணிதான்யா. எண்ணெய் கிடையாது, ஒண்ணும் கிடையாது. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு பசை கரைச்சிருக்கு, அவ்வளவுதான். ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. சம்பந்திங்க மாதிரி. ஒரே பந்தியில உக்காருவாங்க, சிரிப்பாங்க, ஒட்ட மாட்டாங்க."

தபால்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

"விதைச் சாறை இதுல ஊத்திக் கலக்கினா, மத்த புரோட்டீன் எல்லாம் மேல போயிடும். நம்ம ஆளு மட்டும் கீழ போவான். ஏன்னு கேளு."

"ஏன்?"

"கீழ இருக்கிற பசை சர்க்கரையிலேர்ந்து செஞ்சது. நம்ம ஆளுக்குச் சர்க்கரைன்னா உசுரு. போயி அதைக் கட்டிப் புடிச்சுக்குவான். அப்ப மேல் தண்ணியைக் கழட்டிடுவா என் மருமக. கீழ இவன் மட்டும் தனியா. அப்புறம் புதுசா மேல் தண்ணி ஊத்தி, அதோட குளுக்கோஸ் பொடியைக் கரைச்சுவிடுவா. லூசுல சர்க்கரை கிடைச்சதும் பசையை விட்டுட்டு அதைப் புடிச்சுக்கிட்டு மேல ஏறிடுவான். அவ்வளவுதான், ஆளு சிக்கிட்டான்! நல்ல புரோட்டீன்யா அது. ருசி தெரிஞ்சது."

"ஆயுசுக்கும் கத்திரி புடிச்சவர், இவ்வளவு எங்கே கத்துக்கிட்டீங்க?"

"கண்ணாடியிலதான். முன்னாடி பாத்தா அவ திட்டுவா. அதான் கண்ணாடியில பாப்பேன்."

அது உண்மை. சலூன் கண்ணாடிகள் மூன்று சுவரிலும் அப்படியே இருந்தன. மருமகள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மாமனார் தெரிவார்.

மழை விட்டதும் தபால்காரர் போனார். மருமகள் முந்தின நாள் பிரித்து, சல்லடைப் பையில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டிருந்த மேல் தண்ணியை எடுத்தாள். அந்தப் பையின் சவ்வு வழியே குளுக்கோஸ் வெளியேறிவிடும். புரோட்டீன் உள்ளேயே தங்கும். குளுக்கோஸ் மிச்சம் இருந்தால் புரோட்டீன் அதையே பிடித்துக்கொண்டு வேறெதையும் தொடாது. அதனால் கடைசியில் மாமனாரின் சர்க்கரை மீட்டரில் ஒரு ஸ்ட்ரிப்பைச் செருகி, ஒரு சொட்டு தொட்டுப் பார்ப்பாள். 'லோ' என்று வந்தால் கழுவி முடிந்தது. அதற்கப்புறம் ஒரு சொட்டை அவளுடைய சோதனைக் கரைசலில் விடுவாள். தெளிந்த கரைசல் பால்போல வெளுத்தால் சரக்கு இருக்கிறது.

'லோ' வந்தது. சொட்டு விட்டாள். இரண்டு பேரும் கண்ணாடிக் குழாயையே பார்த்தார்கள். கரைசல் தெளிந்த தண்ணீராகவே நின்றது.

"கொஞ்சம் நேரம் ஆகுமோ?" என்றார் மாமனார்.

"ஆகாது மாமா. வர்றதா இருந்தா உடனே வந்துடும்."

அவர் எதுவும் சொல்லவில்லை. எப்போதும் ஏதாவது சொல்கிற மனிதர். தனக்காக வருத்தப்படுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மதியம் சாப்பாட்டுக்குப் புருஷன் வந்தான். லிஃப்ட் மெக்கானிக். அடுத்தவர்களை மேலே அனுப்பிவிட்டுத் தான் குழிக்குள் நிற்கிற வேலை. சட்டையில் கிரீஸ் இல்லாமல் அவனைப் பார்ப்பது அபூர்வம். வேகவைத்த காயும் ரொட்டியும் தட்டில் வைத்தாள். மாமனாரின் தட்டில் காய் அதிகம், ரொட்டி குறைவு.

"இன்னைக்கும் வரலையா?"

"வரல. விதைதான் சரியில்லைன்னு நெனைக்கறேன். விதைக்காரர் பழைய விதையைப் புதுசுன்னு தலையில கட்டிட்டார். போன்ல நல்லா கேட்டுட்டேன்."

"அவரா? அந்த மனுஷன் அப்படிப் பண்ண மாட்டாரேம்மா."

"பின்ன என் கை மந்திரம் போயிடுச்சா?"

அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தயங்கினான். "அக்கா போன் பண்ணுச்சு. டாக்டர் சொன்னதை நான் உளறிட்டேன்."

திங்கட்கிழமை காட்டும்போதும் காயம் இப்படியே இருந்தால் விரலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ஞாயித்துக்கிழமை வருதாம். அப்பாவைத் தன்னோட கூட்டிட்டுப் போயிடுமாம். நீ கீழேயே கிடக்கறே, அப்பா வாய்க்கு என்ன போகுதுன்னு பாக்க ஆளில்லைன்னு ஒரே கத்தல். கடையை மூடி வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்துல அப்பாவுக்கு ஒரு ஆள் போடணுமாம்."

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். அவர் காயை எண்ணிக்கொண்டிருப்பவர்போலத் தட்டில் குனிந்திருந்தார்.

"நான் என்ன மாமா குறை வெச்சேன்? டீயில சர்க்கரை போடறேனா? வீட்டுல சர்க்கரை டப்பாவே கிடையாது."

"நீ ஒண்ணும் வெக்கலம்மா" என்றார் அவர், தட்டைவிட்டு நிமிராமல். "நீ குறையே வெக்கல."

வெள்ளிக்கிழமை புது விதை வந்தது. விதைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூட்டையை இறக்கிவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் போனார். மருமகள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஊறவைத்தாள், உரித்தாள், அரைத்தாள், வடித்தாள். குடுவையைக் குலுக்கித் தாங்கியில் தொங்கவிட்டு, கலங்கல் மெல்ல இரண்டாகப் பிரிந்து கோடு விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிரிந்த கீழ்த் தண்ணியைத் தனியே எடுத்து வைத்தாள். முந்தைய கீழ்த் தண்ணிகளும் பிரிட்ஜில் ஜாடி ஜாடியாக இருந்தன. என்ன கோளாறு என்று தெரியாமல் எதையும் கொட்ட அவளுக்கு மனசு வராது.

சனிக்கிழமை காலை, குளுக்கோஸ் கரைத்த மேல் தண்ணியை அதன்மேல் ஊற்றிக் குலுக்கி, பிரித்து, சல்லடைப் பையில் ஊற்றப் போனாள். கழுவுவதற்கு முன்னால் ஸ்ட்ரிப்பை நனைக்க வேண்டிய அவசியமே இல்லை. குளுக்கோஸ் அவ்வளவு கனமாக இருக்கும், மீட்டர் 'ஹை' என்று அலறிவிட்டு எண்ணே காட்டாது. ஆனால் அன்று புது ஸ்ட்ரிப் பெட்டியைப் பிரித்திருந்தாள். வேலை செய்கிறதா பார்ப்போமே என்று ஒரு சொட்டு தொட்டாள்.

'லோ' என்றது மீட்டர்.

"என்ன மாமா இது, ஸ்ட்ரிப் ஊசிப்போச்சா? குளுக்கோஸ் கரைசலுக்குப் போயி லோங்குது."

"கடைக்காரன் ஏமாத்தியிருப்பான்" என்றார் மாமனார் சட்டென்று. "தூக்கிப் போடு."

இன்னொரு ஸ்ட்ரிப். அதற்கும் 'லோ'.

"மீட்டர்ல கோளாறா இருக்குமோ? மாமா, விரலைக் குடுங்க. உங்க சர்க்கரை என்னன்னு தெரியும், ஒப்பிட்டுப் பாத்துடலாம்."

"இன்னைக்கு எனக்கு டெஸ்ட் இல்லையேம்மா. செவ்வாய்க்கிழமைதானே?"

"ஒரு சொட்டுதானே. குடுங்க."

"காலையில டீ குடிச்சேன். தப்பா காட்டும்."

"வெறும் டீதானே மாமா?"

அவர் கையை மடிக்குள் வைத்துக்கொண்டார். ஊசிக்குப் பயப்படுகிறவர் அல்ல அவர்; செவ்வாய்க்கிழமை காலைகளில் தானே விரலை நீட்டி, "ம், வசூல் பண்ணிக்கோ" என்று சிரிப்பார். அவள் அருகில் போய்க் கையை மெதுவாக எடுத்தாள். குத்தினாள். ஸ்ட்ரிப் ரத்தத்தை உறிஞ்சியது.

மீட்டர் சரியாகத்தான் வேலை செய்தது. அதில் வந்த எண்ணை அவள் இந்த வீட்டில் பார்த்ததே இல்லை. டாக்டர் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருப்பார்.

கரைசலில் இல்லாத சர்க்கரை மாமனாரின் விரலில் இருந்தது.

மருமகள் மீட்டரைக் கீழே வைத்தாள். அலமாரிக்குப் போனாள். குளுக்கோஸ் ஜாடி கழுத்து வரை நிறைந்து, வெள்ளை வெளேரென்று இருந்தது. எப்போதும் கழுத்து வரை நிறைந்தே இருந்தது என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த அறையில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். விரல் நுனியை நனைத்து ஜாடியில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு கரித்தது.

கண்ணாடிகளில் மூன்று மாமனார்கள் தெரிந்தார்கள். மூன்று பேரும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மாமா."

"ம்."

"எப்பலேர்ந்து?"

அவர் காலின் கட்டைப் பார்த்தார். "ஒரு ஸ்பூன்தாம்மா ஆரம்பிச்சேன். நீ மேல சமைக்கப் போவே, டீயை இங்க வெச்சுட்டுப் போவே. வெறும் டீ தொண்டையில இறங்கல. சத்தியமா இறங்கல. எதிர்ல ஜாடி நிக்குது. குளுக்கோஸ் தானே, நோயாளிக்கு ஏத்தறதுதானேன்னு மனசு சொல்லுது. மனசுக்கு வக்கீல் வேற வேணுமா? மறுநாள் டெஸ்ட்டுன்னு திங்கக்கிழமை மட்டும் தொட மாட்டேன்."

"சரி, எடுத்தீங்க. உப்பை எதுக்கு மாமா போட்டீங்க?"

இந்தக் கேள்விதான் அவருக்குப் புரியவில்லை. உண்மையிலேயே வியந்து நிமிர்ந்தார்.

"குறைஞ்சு நிக்கலாமாம்மா? கடையில ஒரு பாட்டில் குறைஞ்சு நிக்கக் கூடாது. கஸ்டமர் கண்ணு நேரா அங்கதான் போகும். லோஷன் இறங்கினா தண்ணி, பவுடர் இறங்கினா மாவு. ஒவ்வொரு நாளும் கடை திறந்ததும் அதுதான் முதல் வேலை. கை தானா போகுது. பக்கத்துலயே உப்பு ஜாடி இருந்துச்சு. நைசா தட்டிப் போட்டேன். ரெண்டும் வெள்ளை, ரெண்டும் கரையுது. உன் வேலைக்கும் உப்பு போடறியே, ஒத்துப் போயிடும்னு நெனச்சேன்."

"ஒத்துப் போகல மாமா! அதுக்குச் சர்க்கரைதான் வேணும். உப்பைக் கண்டா அது ஏன் விடும்?" அவள் ஜாடியைத் தள்ளிவைத்தாள். "விதைக்காரர்கிட்ட என்ன பேச்சு பேசினேன் தெரியுமா? எனக்குக் கை வராதுன்னு எத்தனை நாள் படுத்துத் தூங்காம... நீங்க பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தீங்களே!"

"எனக்கு முந்தாநேத்து வரைக்கும் தெரியாதும்மா. அந்தச் சொட்டு வெளுக்காம நின்னப்பதான் ஒரு சந்தேகம் வந்துச்சு. வாயைத் திறந்தா மூத்தவளுக்குத் தெரியும். அவ என்னைக் கூட்டிட்டுப் போயி அலமாரியில வெச்சுப் பூட்டிடுவா."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது நாத்தனார்தான். ஞாயிறு வருவதாகச் சொன்னவள், மனசு கேட்காமல் சனிக்கிழமையே வந்துவிட்டாள். பள்ளிக்கூட ஹாஸ்டலில் வார்டன். ஒரு பார்வையில் எந்தப் பிள்ளை சாப்பிடவில்லை, எந்தப் பிள்ளை இரண்டு தடவை சாப்பிட்டது என்று சொல்லிவிடுவாள். பின்னாலேயே, பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்துவிட்ட புருஷன் ஓடிவந்தான்.

"அப்பா, காலைக் காட்டுங்க." உட்காரக்கூட இல்லை அவள். கட்டைப் பிரித்துப் பார்த்தாள். முகம் மாறியது. "கடவுளே. இதுக்குப் பேர் கவனிப்பா?"

"அக்கா, மொதல்ல தண்ணி குடி" என்றான் தம்பி.

"நீ சும்மா இரு. நீ ஊர்ல இருக்கற லிஃப்டை எல்லாம் கவனி, வீட்டை விட்டுடு." மருமகள் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, உன்னைத்தான். ஒரு வருஷமா கலக்கறே, குலுக்கறே, பிரிக்கறே. என்ன வந்துச்சு? ஒண்ணும் வரல. எங்கப்பா விரல்தான் போகப்போகுது. அவருக்கு வாங்கின ஸ்ட்ரிப்பைக்கூட உன் தண்ணிக்குள்ள விட்டுப் பாக்கறியாமே? நான் ஒண்ணும் சண்டைக்கு வரல. அப்பாவை நான் பாத்துக்கறேன். ரூம் சாவியைக் குடு."

கை நீண்டது.

மருமகளின் நாக்கில் இன்னும் அந்த உப்பு இருந்தது. ஒரு வார்த்தை போதும். மேஜை மேலேயே மீட்டர் இருக்கிறது, எண் அழியாமல் உள்ளே இருக்கிறது. சரக்கு ஏன் வரவில்லை, காயம் ஏன் ஆறவில்லை, இரண்டுக்கும் ஒரே ஜாடிதான் பதில். சொல்லிவிட்டால் அவள் மேல் ஒரு தூசுகூட ஒட்டாது. அவள் மாமனாரைப் பார்த்தாள். முடி வெட்டிக்கொள்ள முதன்முதலாகக் கூட்டிவரப்பட்ட குழந்தை மாதிரி, நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க அண்ணி" என்றாள். "ஒரு வேலை பாக்கி இருக்கு."

"என்ன பாக்கி? வராததை இன்னும் எத்தனை தடவை வராம பாப்பே?"

"குடுங்க அண்ணி."

"முடியாது. சாவி."

மருமகள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். அப்போதுதான் மாமனார் வாயைத் திறந்தார்.

"அவளைக் கேக்காதே. என்னைக் கேளு."

"உங்களை என்னப்பா கேக்கறது?"

"திருடன் நான்தான். அவ ஜாடியிலேர்ந்து தினம் அள்ளித் தின்னேன். தின்ன இடத்துல உப்பைப் போட்டு ரொப்பிட்டேன். அவ வேலையும் கெட்டுது, என் காலும் கெட்டுது. போதுமா? நீ வர்றதுக்கு முன்னாடியே அவளுக்குத் தெரியும். இப்ப சாவியை எடுக்கறா பாரு, வாயைத் திறக்கல பாரு."

தம்பிதான் முதலில் போய் ஜாடியில் விரலைவிட்டு நக்கினான். "உப்புதான்" என்றான், ஏதோ தீர்ப்பு சொல்வதுபோல.

நாத்தனார் அப்பாவைத் திட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் மருமகளிடம் வந்தாள். "நீ ஏன் சொல்லல?"

"நீங்க கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு."

"போனா உனக்கு நிம்மதிதானே? ரூமும் உன்னோடது, பழியும் போச்சு."

"அவர் இல்லாம இந்த ரூம்ல நான் யார்கிட்ட அண்ணி பேசறது? அந்தக் குடுவைகிட்டயா?"

நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். மழையில் நனைந்ததால் வந்த ஜலதோஷம் என்று பிறகு சொன்னாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள். "மருந்துக் கடையில குளுக்கோஸ் கிடைக்குமா? எவ்வளவு வேணும்? நீ போக வேணாம், அவனும் போக வேணாம். இந்தக் குடும்பத்துல யாரையும் சர்க்கரை வாங்க அனுப்பறதா இல்ல."

பாக்கெட்டுகளை அவளே வாங்கி வந்தாள். சீல் பிரிந்திருக்கிறதா என்று அவளே பார்த்தாள். காலி செய்து கழுவிய ஜாடியில் அவளே கொட்டினாள்.

மருமகள் பிரிட்ஜைத் திறந்தாள். அந்தக் கணம்தான் அவளுக்கு முழுதாக விளங்கியது. சரக்கு எங்கேயும் போகவில்லை. வரவில்லை வரவில்லை என்று அழுதாளே, அது எல்லாம் இந்தக் கீழ்த் தண்ணி ஜாடிகளில் பசையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. விடச் சொல்லி யாரும் அதற்குச் சர்க்கரை காட்டவில்லை, அவ்வளவுதான்.

புது மேல் தண்ணி, புது குளுக்கோஸ். குடுவையை இரண்டு கையாலும் தலைகீழாக்கித் தலைகீழாக்கிக் கலந்தாள். தாங்கியில் மாட்டினாள். கலங்கல் தெளிய ஆரம்பித்தது. நடுவில் கோடு விழுந்தது. நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்து, எரிச்சலோடு பார்ப்பவள்போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டும் தண்ணிதானா?" என்றாள் தாங்காமல்.

"ரெண்டும் தண்ணிதான். சம்பந்திங்க மாதிரி..." என்று மாமனார் ஆரம்பித்தார்.

"நீங்க பேசாதீங்கப்பா. உங்க மேல நான் இன்னும் கோவமா இருக்கேன்."

மேல் தண்ணியைப் பிரித்துச் சல்லடைப் பையில் கட்டித் தொங்கவிட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே இருக்கிற குளுக்கோஸ் போகும்வரை சோதித்துப் பயனில்லை. நாத்தனார் திரும்பிப் போக நினைத்திருந்த மத்தியான பஸ் போனது. அடுத்த பஸ்ஸும் போனது. நாத்தனார் மேலே போய்ச் சூப் வைத்தாள். அப்பாவின் காயத்தைக் கழுவிப் புதுக் கட்டுப் போட்டாள். டாக்டருக்குப் போன் பண்ணி, மீட்டர் காட்டிய எண்ணைச் சொல்லி, கேட்ட திட்டை அப்பாவுக்கு ஒரு வார்த்தை குறையாமல் ஒப்பித்து, சொன்ன மாத்திரையை முழுங்க வைத்தாள். வாசல் வழியாகப் போன விதைக்காரரை மருமகள் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவர், "விடும்மா, பெருமாளே வந்தாலும் விதைமேலதான் முதல்ல பழி போடுவார்" என்றார். புருஷன் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினான்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஸ்ட்ரிப் 'லோ' என்றது. இந்த முறை அது சரியான 'லோ'.

தெளிந்த கரைசல் உள்ள கண்ணாடிக் குழாயை மருமகள் ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். ஒரு சொட்டு விட்டாள்.

சொட்டு விழுந்த இடத்தில் ஒரு மேகம் திரண்டது. அது கீழே இறங்கிக்கொண்டே விரிந்தது. அவள் லேசாக ஆட்டியதும் குழாய் முழுக்கப் பால்.

"ஏய்!" என்றான் புருஷன்.

"இதுதானா அது?" என்றாள் நாத்தனார். "இவ்வளவுக்குத்தானா?"

"இவ்வளவுதான் அண்ணி. மத்த ஜாடியும் நாளைக்கு முடிச்சா திங்கட்கிழமை ஆளுக்குக் குடுத்து மிச்சம் இருக்கும்."

மாமனார் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். சந்தோஷப்படத் தனக்கு உரிமை உண்டா என்று தெரியாதவர்போலக் குழாயைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். மருமகள் குழாயை அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விரல் போனாலும் போகுது" என்றார். "இது வந்துச்சே."

"விரல் போகாது. போகவும் விடமாட்டேன்" என்றாள் நாத்தனார். எழுந்து புடவையை உதறினாள். "கடைசி பஸ்ஸாவது புடிக்கணும். திங்கட்கிழமை டாக்டர்கிட்ட நான் நேரா வந்துடறேன்."

"அப்பா துணியெல்லாம் எடுத்து வைக்கவா அக்கா?" என்றான் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"எதுக்கு?"

"கூட்டிட்டுப் போறேன்னியே."

நாத்தனார் அப்பாவைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். அவள் கையில் இன்னும் இருந்த சாவியைப் பார்த்தாள். அப்புறம் நேரே அலமாரிக்குப் போய், குளுக்கோஸ் ஜாடியை மூடியோடு இறுக்கித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இவர் இங்கேயே இருக்கட்டும். இதைத்தான் நான் கூட்டிட்டுப் போறேன்."

"அண்ணி, நாளைக்கு வேணுமே!"

"அளவைச் சொல்லு, தனியா கட்டித் தரேன். அதை உன் புருஷன் சட்டைப் பையில வெச்சுக்கட்டும். அந்தக் கிரீஸ்ல எவனும் கை வைக்க மாட்டான். அப்புறம் எப்ப வேணுமோ போன் பண்ணு, நானே கொண்டாந்து நிப்பேன்."

பஸ் வந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜாடியை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். நடத்துநர் ஏதோ கேட்க, அவரையும் ஒரு அதட்டு அதட்டினாள். பஸ் திரும்பும்வரை அவர்கள் மூவரும் வாசலில் நின்றார்கள். மாமனார் ஒற்றைக் காலில், மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு.

"ஏம்மா" என்றார் அவர் மெதுவாக.

"என்ன மாமா?"

"அவ வீட்டுல மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் சுகர் இருக்குன்னு சொல்லலே?"

மருமகள் அவரைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். புருஷன் ஏற்கனவே போனை எடுத்துவிட்டான்.